மட்சாவின் கனம்: அஷ்கெனாசி (ஐரோப்பிய யூத மரபு) ரபிகளுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ரபிகளுக்கு,

வணக்கம். நான் உங்கள் யூத மதத்தைச் சேர்ந்தவள் அல்ல. எருசலேமில் 90 வயதுப் பாட்டி ஒருவரை உடனிருந்து பார்த்துக்கொள்கிறேன். புளித்த அப்பம் தின்னக்கூடாத பெசாக் (பஸ்கா) பண்டிகை வந்தால், அவருக்கு மட்சா என்ற புளிக்காத அப்பத்தை ஊட்டுவதும் என் வேலை.

பாட்டிக்குப் பல் கிடையாது. பண்டிகை தொடங்கும் செடர் விருந்து இரவில் ஒலிவக்காய் அளவாவது மட்சா தின்றே தீருவேன் என்கிறார். போன வருடம் அந்த மொறுமொறுத் தகடு ஈறில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. முதியவர்களும் நோயாளிகளும் தண்ணீரில் நனைத்துத் தின்னலாம் என்று ஷுல்கான் அரூக் என்ற யூதச் சட்ட நூல் இடம் கொடுக்கிறது. ஆனால் நனைத்த மட்சாவைத் தவிர்க்கும் ஹசிடிக் என்ற பக்திப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்த பாட்டி, பெசாக்கில் நனைத்த மட்சாவைத் தொட்டதே இல்லை.

ஏமன் யூதர்கள் சுடும் மட்சா எங்கள் ஊர் ரொட்டிபோல மெத்தென்று இருக்கிறது. அதே மாவு, தண்ணீர், மாவு புளிக்காமலிருக்க 18 நிமிடத்துக்குள் சுடும் அதே கணக்கு. வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "அது தடிமன், நமக்கு ஆகாது" என்றார்.

அப்புறம் அவருடைய பேரன் நூல்களை எடுத்து எனக்கு விளக்கினார். பழங்கால ரபிகளில், தடித்த அப்பத்தை ஷம்மாய் பள்ளி தடுத்தது, ஹில்லேல் பள்ளி அனுமதித்தது. எவ்வளவு தடிமன் என்ற கேள்விக்குப் பின்னாளைய ரபி ரவ் ஹூனா சொன்னது ஒரு தெஃபாக், அதாவது நான்கு விரற்கடை, சுமார் 8 செ.மீ. பழைய எருசலேம் ஆலயத்தில் கடவுள் முன் வைத்த சமுகத்தப்பத்தைக் கொண்டு அவர் அப்படிச் சொன்னார். அங்கே கைதேர்ந்த ஆசாரியர்கள், காய்ந்த விறகு, நல்ல சூடான அடுப்பு. எல்லோருக்கும் அது பொருந்துமா என்று இந்த விவாதங்களைத் தொகுத்த தால்முத் நூலிலேயே மறுப்பும் இருக்கிறது. கடைசியில் ஷுல்கான் அரூக் தெஃபாக் கனத்துக்குச் சுடாதே என்றது. அஷ்கெனாசிகள் பின்பற்றும் கிராகோவின் ரபி ரெமா, மெல்லியது சீக்கிரம் புளிக்காது என்பதால் மெல்லியதாகவே செய்யச் சொன்னார்.

புளித்துவிடுமோ என்ற அந்தப் பயம் நியாயமானதுதான். தினமும் ரொட்டி சுடுகிறவள் நான். தடித்தால் நடுப்பகுதி வேகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஏமன் மட்சா ஒரு விரற்கடைகூட வராது. ஹில்லேல் மட்சாவோடு கசப்புக் கீரையையும் சேர்த்துச் சுற்றித் தின்றார் என்று செடரில் வருடா வருடம் வாசிக்கிறீர்கள். தகட்டைச் சுற்ற முடியுமா?

மெல்லிய மட்சா முன்னெச்சரிக்கையால் வந்த வழக்கம், நம்பிக்கையான மேற்பார்வையில் சுட்ட மெத்தென்ற மட்சா புளித்த அப்பம் ஆகிவிடாது, மெல்ல முடியாதவர்கள் அதைத் தின்னலாம் என்று அடுத்த பெசாக்குக்கு முன் ஜெப ஆலயங்களில் சொல்லுங்கள். என் பேச்சைப் பாட்டி கேட்கமாட்டார், உங்கள் பேச்சைத் தட்டமாட்டார். நேரில் வர முடியாவிட்டால் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எபிரேயம் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், நானே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
எருசலேமில் பணிபுரியும் ஒரு தமிழ்ப் பெண்