புறப்படுபவருடன் வீட்டாரையும் ஆயத்தப்படுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு வேலைவாய்ப்புக் குறித்த தங்கள் ஞாயிறு இதழின் தலையங்கம், நாட்டுக்கு வரும் பணத்தைப் பற்றியே விரிவாகப் பேசியது. பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோரைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படுபவரைப் பதிவு செய்கிறது. வீட்டுப்பணிக்குச் செல்வோருக்குப் பயிற்சியும் தருகிறது. வீட்டாருக்கு எவரும் எதுவும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. மூதூரில் எங்கள் உறவினர் மகன் கட்டாருக்குப் புறப்பட்டபோது பெட்டி கட்டுவதிலும் அம்மனுக்கு நேர்த்தி வைப்பதிலும் ஒரு குறையுமில்லை. சில மாதங்களில் சம்பளம் தடைப்பட்டது. முறையிடப் போன தாயின் கையில் ஒப்பந்தப் பிரதி இல்லை, கடவுச்சீட்டின் பிரதி இல்லை, வேலைத்தலத்தின் விலாசம்கூட இல்லை. பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை அவர் அதுவரை கேள்விப்பட்டதேயில்லை. கடல் கடந்து நிற்கும் பிள்ளைக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டியவர் இந்தத் தாய்தானே?

பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பயணத்துக்கு முன் ஓர் அரைநாள், பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக அமர்த்தி, ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளக்கி, பிரதிகளைப் பெற்றோர் கையில் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பிரதேசங்களில் இதை முதலில் தொடங்குமாறு திருகோணமலை மாவட்டச் செயலகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.