செவலை கடிக்கவில்லை

விரிஞ்சிபுரம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வண்டி ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "ம், ம்" என்பாய். அதனால் தாளை எடுத்தேன். காயத்ரியும் படிக்கட்டும்.

ராட்வீலர் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன் என்றாய். புது வீடு பெங்களூருக்கு ஒதுக்குப்புறம், பக்கத்து மனையெல்லாம் காலி, உனக்கு ராத்திரி ஷிப்டு. பயம் நியாயம்தான். "இனியாவுக்கு ஒரு காவல் வேணும்மா. நல்ல ஜாதி நாய்னா தெருநாய் மாதிரி கண்டபடி கடிக்காது" என்றாய். அதோடு விட்டிருந்தால் சரி. "தெருநாய் எப்படின்னு எனக்குத் தெரியாதா, கன்னத்துல தழும்பு எதுக்கு இருக்கு?" என்று சிரித்தாய் பார், அதற்கப்புறம் நீ பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்தத் தழும்புக்குத்தான் வர வேண்டும். நேராக வர மனசு வரவில்லை. முதலில் நாய்களைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

30 வருஷத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி போட்டவள் நான். பதிவேட்டில் பேர், வயசு, காயம் எங்கே, வளர்ப்பு நாயா தெருநாயா என்று எழுதுவோம். எந்த ஜாதி நாய் என்று கேட்க அதில் இடமே கிடையாது. ஆனால் ஊசி ஏற்றுகிற நேரத்தில் ஜனங்கள் கதை சொல்லாமல் இருப்பார்களா? குட்டி போட்ட நாயிடம் போனது, சாப்பிடுகிற நாயைத் தொட்டது, இரண்டு நாய் சண்டையை விலக்கப் போனது, நாளெல்லாம் கட்டிப்போட்ட நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டது. இந்த நாலைந்து கதைதான் ஆள் மாறி ஆள் மாறி வரும். பெரியவர்களுக்குக் கெண்டைக்காலிலும் கையிலும் கடி இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில். அவர்கள் முகம்தானே நாயின் உயரத்தில் இருக்கிறது. இனியா இப்போது சரியாக அந்த உயரம்.

ஜாதிக்குக் குணமே கிடையாது என்று சொல்ல மாட்டேன். எதற்காக வளர்த்தார்களோ அது ரத்தத்தில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். உன் ராட்வீலர் ஜெர்மனியில் ராட்வைல் என்கிற ஊர்க்காரன். கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த நாய். மாட்டையே நெஞ்சால் தள்ளி நகர்த்துகிற உடம்பு அது. டாபர்மேனை உருவாக்கியவர் வரி வசூலிக்கப் போகிற மனிதர். வரி கேட்டுக் கதவைத் தட்டுகிறவருக்கு எப்படிப்பட்ட நாய் வேண்டும் என்று நீயே யோசித்துக்கொள். லாப்ரடார் சுட்டு விழுந்த வாத்தைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வருகிற வேலைக்காரன், அதனால் வாய் மெத்தென்று இருக்கும். பிட்புல்லின் முன்னோரை மாட்டோடும் அப்புறம் நாயோடும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நம் பக்கத்துச் சிப்பிப்பாறை முயலைத் துரத்தப் பிறந்தது, வீட்டு ஆளைத் தவிர மற்றவரிடம் ஒட்டாது. கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்குப் பேர் போனவை. 2005இல் தபால் தலையில் ராஜபாளையம் நாய் வந்தபோது அப்பா வாங்கி வைத்தது இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஆனால் எது அதிகம் கடிக்கும் என்று கேட்டால் நீ நினைக்கிற பதில் வராது. 2008இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். மனிதர்கள்மேல் அதிகம் பாய்கிறவை என்று வந்தவை டாஷ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல். எல்லாமே மடியில் உட்கார வைக்கிற சைஸ். டாஷ்ஹண்ட் வளைக்குள் புகுந்து வளைக்கரடியோடு மல்லுக்கட்ட வளர்த்த நாய், ரோஷம் எங்கே போகும்? அது கடித்தால் மஞ்சள் வைத்துவிட்டு விட்டுவிடுகிறோம், போலீசுக்கும் போவதில்லை, பேப்பரிலும் வருவதில்லை. ராட்வீலர் ஆயுசில் ஒரே ஒரு தரம் கடித்தாலும் கதை வேறு. வளர்ந்த ஆண் நாய் 50 கிலோ வரும். காயத்ரியே அவ்வளவுதான் இருப்பாள், அவள் கையில் கயிற்றைக் கொடுப்பாயா? 2024 மே மாதம் சென்னைப் பூங்காவில் 5 வயசுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் கடித்துக் குதறியதை நீயும் படித்திருப்பாய். அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் மத்திய அரசு 20க்கு மேற்பட்ட இனங்களுக்குத் தடை என்று சுற்றறிக்கை விட்டது. உங்கள் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலிலேயே அதை ரத்து செய்துவிட்டது. ஆக, வாங்க உனக்குத் தடை ஒன்றும் இல்லை. அம்மாதான் குறுக்கே நிற்கிறேன்.

2022இல் இன்னொரு ஆய்வு வந்தது. 18,000க்கு மேல் நாய்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கிற வித்தியாசத்தில் ஜாதியால் வருவது 9 சதவீதம்தான் என்றார்கள். அதிலும் சட்டென்று சீறுகிற குணத்துக்கும் ஜாதிக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவாம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. உன் தாத்தா பொய்கை மாட்டுச் சந்தையில் இதைத்தான் செய்வார். செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். முதலில் மாட்டு உடம்பில் மயிர்ச் சுழி பார்ப்பார், எல்லாரும் பார்க்கிற மாதிரி. தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை சொல்லுவார். தாத்தா தலையை ஆட்டிவிட்டு, "இதை வீட்டில் யார் கறப்பது? அந்தப் பொம்பளையைக் கூப்பிடு" என்பார். அவள் வந்து மடியில் கை வைக்கும்போது மாடு காதை எப்படி வைக்கிறது என்று பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணுவார். நல்ல சுழி மாடு பல்லை உடைத்த கதை சந்தையில் ஆளுக்கு ஒன்று உண்டு. நாய் விஷயத்திலும் நமக்கு ஜாதிதான் முதலில் வாயில் வருகிறது.

சரி, தழும்பு.

1996 கோடை. உனக்கு 6 வயசு. சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள் ஒரு வெள்ளைச் சடைநாய் வளர்த்தார்கள். பொமரேனியன் என்று சொல்லிக்கொள்வார்கள், அந்த நாளில் சடை இருந்தால் எல்லாம் பொமரேனியன்தான். தட்டுக்குப் பக்கத்தில் யாராவது போனால் அது உறுமும். உறுமும்போதெல்லாம் அந்த அம்மா துடைப்பத்தால் ஒரு போடு போடுவார். நாளடைவில் உறுமுவதை விட்டுவிட்டது. நாய் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். பேச்சை மட்டும்தான் நிறுத்தியிருந்தது.

தெருவில் செவலை என்று ஒரு நாட்டு நாய் திரியும். நீதான் பேர் வைத்தாய். உன் ஸ்கூல் ரிக்ஷா வரும் நேரத்துக்கு கேட்டில் வந்து நிற்கும்.

அன்றைக்கு நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே சடைநாய் பால் சோறு தின்றுகொண்டிருந்தது. நீ பின்னால் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். சத்தமே இல்லை, ஒரே திருப்பு, உன் கன்னம். நீ அலறினதும் செவலை கேட்டைத் தாண்டி ஓடிவந்து குரைத்தது. சடைநாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நான் படியிறங்கி வருவதற்குள் அந்த அம்மா, "ஐயோ, தெருநாய் குழந்தையைக் கடிச்சிடுச்சே" என்று தெருவையே கூட்டிவிட்டார். நீ கண்ணைத் திறந்தபோது உன் எதிரில் நின்றது செவலை.

நான் வாயைத் திறக்கவில்லை, கண்ணு. எல்லாம் மேலிருந்து பார்த்தும் திறக்கவில்லை. மூன்று மாச வாடகை பாக்கி இருந்தது. காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று அந்த நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். சோப்புப் போட்டுக் கழுவ மட்டும் மறக்கவில்லை. பதிவேட்டில் என் கையாலேயே "தெருநாய்" என்று எழுதினேன்.

அப்போதெல்லாம் வயிற்றில் ஊசி. 2004க்கு அப்புறம்தான் அந்த மருந்தை நிறுத்தினார்கள். நாளுக்கு ஒன்றாக உனக்கு 14 போட்டார்கள், தினமும் உன் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். கடித்த நாயைக் கண்காணிக்க முடிந்து, பத்து நாள் அது நன்றாக இருந்தால் மிச்ச ஊசி தேவையில்லை. அது எனக்குத் தெரியும். பத்தாம் நாளும் அந்தச் சடைநாய் வராந்தாவில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு பதினோராவது ஊசிக்குப் போனேன்.

செவலையை அப்பா சாக்கில் போட்டு டிவிஎஸ் 50இல் வைத்துக்கொண்டு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது. பாலாற்றில் தண்ணீர் இருந்தால்தானே, மணலில் நடந்து வந்திருக்கும். இரண்டாம் தரம் அணைக்கட்டுப் பக்கம் போகிற செங்கல் லாரியில் ஏற்றிவிட்டார். அப்புறம் வரவில்லை. அப்பாவுக்கு உண்மை தெரியாது. வீடு மாறிய பிறகுதான் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராட்வீலர் கெட்ட நாய் என்று சொல்லவில்லை. நேரம் இருக்கிற, பழக்கத் தெரிந்த ஆளிடம் அது தங்கமாக இருக்கும். உனக்கு நேரம் இல்லை. நாளெல்லாம் கட்டிவைப்பாய், அதுதான் எனக்குப் பயம். எந்த நாய் வாங்கினாலும் தாய் நாயைப் பார்க்காமல் வாங்காதே. தாயைக் காட்ட மாட்டேன் என்கிறவனிடம் அட்வான்ஸை எண்ணாதே. எட்டு வாரம் ஆகாத குட்டியைப் பிரித்துக்கொண்டு வராதே. முதல் மூன்று நான்கு மாசத்துக்குள் அது குழந்தை, கிழவர், ஹெல்மெட் போட்டவன், குக்கர் விசில் எல்லாம் பார்த்துப் பழகிவிட வேண்டும். உறுமினால் அடிக்காதே, குழந்தையை நகர்த்து. அது தின்கிற இடத்துக்கு இனியா போகவே கூடாது. எத்தனை வருஷம் பழகின நாயாக இருந்தாலும் இரண்டு பேரையும் தனியாக விடாதே. மூன்றாம் மாசம் வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம். மீறிப் பல் பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. இப்போது வயிற்றில் இல்லை, கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 என்று நாலே தரம் போக வேண்டும். ரத்தம் வருகிற கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தையும் கேட்டு வாங்கு.

கோயில் மதில் ஓரம் ஒரு பெட்டை நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. பொங்கலுக்கு நீங்கள் வரும்போது எட்டு வாரம் ஆகியிருக்கும். தாயை நான் தினமும் பார்க்கிறேன், தேர் நாள் கூட்டத்தில்கூட யாரையும் சீறாமல் ஒதுங்கிப் படுத்துக்கொள்கிறது. ஒன்று செம்மண் நிறம். வாங்கு என்று சொல்லவில்லை, இனியாவைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார். அதுவரை அட்வான்ஸ் வேண்டாம்.

எழுதி முடித்து அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தார். "அந்த லாரிக்காரனுக்கு இருபது ரூபாய் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

இப்படிக்கு,
அம்மா