மானா பூல்ஸ் கனூ பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஜிம்பாப்வேயின் சிருண்டுவில் கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் ஏறி, சாம்பசி ஆற்றோடு மானா பூல்ஸ் தேசியப் பூங்கா வரை போகும் பயணத்துக்கு ஆள் சேர்க்கிறீர்கள். நல்ல காரியம். உங்கள் பயண நிரலில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்: "காலை உணவுக்குப் பின் 9 மணிக்குப் புறப்பாடு."

அந்தப் பகுதியில் ஆறு பொதுவாகக் கிழக்கே ஓடுகிறது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை காற்றும் பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வரும். வெயில் ஏற ஏற வலுக்கும். நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்றால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். கூடாரமும் சாப்பாட்டுப் பெட்டியும் ஏற்றிய இருவர் கனூவின் விளிம்பு தண்ணீருக்கு மேலே அதிகம் நிற்காது. ஆனால் தண்ணீர் உள்ளே வருவதல்ல பெரிய ஆபத்து.

நீர்யானை தண்ணீரில் இருக்கும்போது காது, கண், மூக்கு மட்டுந்தான் வெளியே தெரியும். அலையில் அதுவும் தெரியாது. துடுப்பால் கனூ விளிம்பை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு போவார்கள். சத்தம் கேட்டு அவை தலைதூக்கினால் எத்தனை, எங்கே என்று பார்த்து ஒதுங்கலாம். காற்றில் இந்த உத்தி பலிக்காது. வழிகாட்டியின் குரல் மூன்றாவது கனூவுக்கே எட்டாது. களைத்துப்போனவர்கள் காற்றுக்கு மறைவு தேடிக் கரையை ஒட்டுவார்கள். நாணலில் படுத்திருக்கும் நீர்யானை மிரண்டால் ஆழத்துக்குத்தான் பாயும். அதன் வழியில் கனூ இருந்தால், குற்றம் அதனுடையது அல்ல.

ஆகவே விடிந்ததும் டீ, ரஸ்க்கோடு கிளம்பட்டும். காலைச் சாப்பாட்டை நடுவழியில் ஒரு மணல்திட்டில் வைத்துக்கொள்ளலாம். பத்தரை மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். சிருண்டுவிலிருந்து மானா வரை அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளுக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்தால் காற்றடிக்கும் நாளில் கரையேறிக் காத்திருக்க இடம் கிடைக்கும். முப்பத்தைந்து போட்டு ஒரு நாளை மிச்சம் பிடிப்பவர்கள், அந்த மிச்சத்தை எதிர்காற்றில் துடுப்புப் போட்டே தீர்ப்பார்கள்.

ஏறுமுன் கரையிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியவை: கனமான சாமான் நடுவில், அடியில், கட்டப்பட்டு, கனூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வழிகாட்டி முன்னால். கவிழ்ந்தால் கனூவைப் பிடித்துத் தொங்கக் கூடாது, நீர்யானை பெரும்பாலும் குறிவைப்பது கனூவையே. பக்கத்துக் கரைக்கு நீந்த வேண்டும். முதலை உள்ள ஆறு. மிதக்கும் பையைத் தேடி நிற்க நேரமில்லை. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கரிபா அணையில் தண்ணீர் திறந்துவிடுவதைப் பொறுத்து ராத்திரியில் மட்டம் ஏறும். கனூவை முழுசாக மேலே இழுத்துக் கட்டாமல் தூங்கப் போகக் கூடாது.

நடைப் பயணம் வேறு கணக்கு. ஆற்றுக்கு மட்டும் உரிமம் வாங்கியவர் உங்கள் ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போக முடியாது. அதற்கு முழுத் தகுதி பெற்ற, துப்பாக்கி ஏந்திய வழிகாட்டி வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆள் என்று விலை பேசும்போது உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.  மானா பூல்சில் வழிகாட்டி இல்லாமலும் நடக்கலாம் என்று விளம்பரத்தில் போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆற்றங்கரையில் ஆல்பிடா மரங்களுக்கு அடியில் வெட்டவெளி, தூரத்திலேயே யானை தெரியும். கொஞ்சம் உள்ளே போனால் புதர்க்காடு, பத்தடியில் காட்டெருமை நின்றாலும் தெரியாது. நம் வாடை விலங்குக்கு எட்டாதபடி, சாம்பல் நிரப்பிய சின்னத் துணிப்பையை உதறிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து நடக்கும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

சாமான் பட்டியலிலும் திருத்தம் உண்டு. கருப்பு, கருநீல உடை வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். உறக்க நோயைப் பரப்புவது அதுதான். மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின் எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். நாள் முழுக்கத் தண்ணீர்மேல் இருப்பவர்கள் மாற்று மருந்து பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கட்டும். ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் கொண்டுவரக் கூடாது. வாசனை பிடித்து யானை கூடாரத்தைக் கிழிக்கும், வண்டிக் கதவையும் பெயர்க்கும். பழம் வேண்டுமென்பவர்கள் சிருண்டுவிலேயே தின்று முடித்துவிட்டு ஏறட்டும்.

இப்படிக்கு,
சாம்பசியில் துடுப்புப் போடுகிறவர்கள் சிலர்