பேட்சும் மருந்துதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் கருத்தடைக்காகத் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பேட்ச் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஒட்டி நான்காம் வாரம் விட்டுவிட்டால் போதும், வாந்தி எடுத்தாலும் மருந்து வீணாகாது என்று அதில் சொல்லியிருந்தவை சரியே. மாத்திரை சாப்பிடத் தயங்கும் பெண்களுக்கு ஏற்றது என்று முடித்திருந்த இடத்தில்தான் எனக்கு மனம் பதைத்தது.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். லண்டனில் வேலை பார்க்கும் என் மகள் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கிக் கடுக்கத் தொடங்கியது. ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார், "இல்லை டாக்டர்" என்றாள். அவள் எதையும் மறைக்கவில்லை, மாத்திரை எதுவும் சாப்பிடவில்லைதான். விமானத்தில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்ததால் வந்த தசைப்பிடிப்பு என்று வலிமாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு அவள் உடை மாற்றும்போது, புட்டத்தின் மேல்பக்கம், ஓரமெல்லாம் துணிப்பஞ்சு ஒட்டிக் கறுத்துப்போன ஒரு சிறு சதுரத்தைப் பார்த்தேன். சுளுக்குப் பிளாஸ்திரியா என்று கேட்டேன். கருத்தடைக்கு மாலா-என் மாத்திரை, காப்பர்-டி, பின்னாளில் அந்தரா ஊசி என்று பார்த்துப் பழகிய எனக்கு அது இன்னதென்று தெரியவில்லை. அது கருத்தடைப் பேட்ச் என்று அவள் சொல்லக் கேட்டதும் விடிந்தும் விடியாமலும் மீண்டும் ஓடினோம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் காலின் உட்சிரையில் ரத்தக்கட்டு இருந்தது. பேட்சை எடுத்துவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். இப்போது நலமாக இருக்கிறாள்.

தோலில் ஒட்டுவதுதானே, உடம்புக்கு லேசாகத்தான் இருக்கும் என்று படித்த பெண்களே நம்புகிறார்கள். மாத்திரையின் மருந்து குடலையும் கல்லீரலையும் கடந்து வருவதால் வழியிலேயே ஒரு பங்கு குறைகிறது, ரத்தத்தில் அதன் அளவும் நாளுக்குள் ஏறி இறங்குகிறது. பேட்சிலிருந்தோ இரவும் பகலும் ஒரே சீராக ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ரத்தம் உறையும் போக்கைக் கூட்டுவது இவற்றிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்; அது 35 மைக்ரோகிராம் உள்ள மாத்திரையைச் சாப்பிடுபவரைவிட பேட்ச் ஒட்டியவர் உடலில் மொத்தமாகச் சேரும் ஈஸ்ட்ரோஜன் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005 நவம்பரிலேயே எச்சரித்தது. ஐரோப்பாவில் விற்கும் எவ்ரா பேட்சுக்கான விவரத்தாள், ஹார்மோன் கருத்தடை எதுவும் பயன்படுத்தாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு வருமென்றால், இதைப் பயன்படுத்துவோரில் 6 முதல் 12 பேருக்கு வரும் என்கிறது. கருவுற்ற காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இந்த ஆபத்து இதைவிடக் கூடுதல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே பேட்சைப் பிய்த்தெறியுங்கள் என்று நான் எழுதவில்லை.

ஆனால் 35 வயதைத் தாண்டியும் புகைபிடிப்பவர், கண்ணில் ஒளிக்கீற்றுத் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர், முன்பு ரத்தக்கட்டு வந்தவர் ஆகியோருக்கு இது ஆகாது. 90 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்குக் கருத்தடைப் பலனே குறையலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் அதன் பலனைக் குறைக்கும். இவற்றையெல்லாம் மருத்துவர் கேட்டறிய வேண்டுமானால், அந்தப் பெண் தான் ஒரு மருந்தை உடம்பில் ஒட்டியிருக்கிறோம் என்று முதலில் நினைக்க வேண்டும் அல்லவா?

புறநோயாளிப் பிரிவில் "மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்பதோடு நிறுத்தாமல், "கருத்தடைக்கு ஊசியோ பேட்சோ ஏதேனும் உண்டா" என்றும் கேட்குமாறு மருத்துவர்களையும் என் செவிலியர் சகோதரிகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஒற்றைக் காலில் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை தென்பட்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.