நூறாண்டு கண்ட பூங்காவில் குடித்த தண்ணீருக்கு ஒரு நன்றி மடல்

கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவைக் காத்துவரும் அனைவருக்கும் வணக்கம்.

பூங்கா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 2019-ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் மயங்கிச் சரிந்த என் தந்தையை நீங்கள் மீட்டுக் கொடுத்தீர்கள். வீடு திரும்பிய வாரமே நான்கு வரியில் நன்றி எழுதிப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பினேன். அந்த நான்கு வரி எவ்வளவு குறைவானது என்பது, அன்று அவர் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. 1919 பிப்ரவரி 26 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இட்ட கையெழுத்தால் இந்தப் பூங்கா பிறந்தது. அந்த நாள் மீண்டும் வந்திருக்கும் இவ்வேளையில், விட்டுப்போன நன்றிகளை எல்லாம் முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் தந்தை இராமநாதபுரம் மாவட்டத்தில் குடிநீர்க் குழாய்கள் பொருத்தும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். பீனிக்ஸில் இருக்கும் என்னைப் பார்க்க வந்தவரை, நூற்றாண்டு விழா ஆண்டாயிற்றே என்று நான்தான் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்கு அழைத்துச் சென்றேன். பூங்காவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தவர், விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்று சிகரங்களுக்குப் பெயர் இட்டிருப்பதைக் கண்டு குழந்தையைப் போல மகிழ்ந்தார். 1880-களில் இங்கே ஆய்வு செய்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன், கீழைநாட்டுக் கோபுரங்களை நினைவூட்டுகின்றன என்று இப்படிப் பெயரிடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் 170 கோடி ஆண்டுக்கும் பழைய பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான். கொஞ்சதூரம் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் கேட்டபோது எனக்கு மறுக்க மனம் வரவில்லை. கோடையில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டாம் என்று பாதையின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்தும் இறங்கியது என் பிழை.

மலையேறும்போது களைத்தவர் பாதியில் திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கில் களைப்பு தெரியும் நேரத்தில் ஏறவேண்டியது முழுதும் மிச்சமிருக்கும். மூன்று மைல் ஓய்விடம் வரை சிரமமே தெரியாமல் இறங்கிவிட்டோம். அங்கிருந்து விளிம்பு 2,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்தது. ஏறத் தொடங்கி அரை மணி நேரம் ஆகுமுன் அவருடைய பேச்சு குழறியது, கால்கள் மடங்கின, பாறையோரம் சாய்ந்து உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை.

அப்போது மேலிருந்து இறங்கி வந்த பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆபத்து நேருமுன் தடுக்கும் மீட்புக் குழுவின் தன்னார்வலர் என்று அவருடைய சட்டை சொன்னது. அவர் பதறவில்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. தந்தையை நிழலுக்கு நகர்த்தி, சட்டையையும் தொப்பியையும் நனைத்துவிட்டு, காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தார் என்றேன். உப்பு பிஸ்கட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஊட்டிய பிறகே ஒவ்வொரு வாய்த் தண்ணீர் கொடுத்தார். வியர்வையில் உப்பு வெளியேறிய உடம்பில் வெறும் தண்ணீரை நிரப்பினால் இரத்தத்தின் உப்பு மேலும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை அந்த நேரத்திலும் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கையிலிருந்த வானொலியில் செய்தி சொல்லி ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர் ஒருவரை வரவழைத்தார். பாதையில் நிழல் படர்ந்த பிறகு, பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி, இருவரும் எங்களோடு ஏறினார்கள். முன்பின் தெரியாத மாணவர் ஒருவர் எங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டார்.

அம்மா, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். 1996-ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பத்தால் பலர் இறந்ததையடுத்து 1997-இல் உங்கள் குழு தொடங்கப்பட்டது என்று பின்னர் அறிந்தேன். அந்த இறப்புகளுக்கு வருந்தியதோடு நில்லாமல், பாதையில் இறங்கி நின்று ஒவ்வொருவரையும் விசாரிப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கும், அன்று முதல் ஒவ்வொரு கோடையிலும் ஊதியமின்றி அந்த வெயிலில் நிற்பவர்களுக்கும் என் முதல் வணக்கம்.

ஒன்றரை மைல் ஓய்விடத்தை அடைந்தபோது என் தந்தைக்குத் தெளிவு வந்திருந்தது. அங்கிருந்த குழாயைத் திறந்து முகம் கழுவியவர், தொழில் பழக்கத்தால் குழாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த உயரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்தம்மா வருது?" என்று என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்த்துக் கேட்டதும், தன்னார்வலர் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினார். வடக்கு விளிம்பு நீலப்புகையாகத் தெரிந்தது. அங்கே இறங்கி, ஆற்றைக் கடந்து, இங்கே ஏறுகிறது என்றார். தந்தை வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைபாப் பீடபூமியில் பெய்யும் பனி உருகிச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றாக முழங்கிக்கொண்டு வெளிவருகிறது. அதைப் பன்னிரண்டரை மைல் நீளக் குழாய் ஒன்று பிரைட் ஏஞ்சல் ஓடையை ஒட்டிக் கீழே கொண்டுவந்து, கொலராடோ ஆற்றின் மேல் தொங்கும் வெள்ளிப் பாலத்தின் அடியில் கடத்தி, எதிர்ச்சரிவின் பசுந்தோட்டம் வரை தன் பாய்ச்சலின் அழுத்தத்திலேயே ஏற்றுகிறது. அதற்கு மேல் விளிம்பு வரை பம்புகள் ஏற்றுகின்றன. 1965 முதல் 1970 வரை இந்தக் குழாயைப் பதித்தார்கள். 1966 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் அதுவரை பதித்ததில் பெரும்பகுதியை அடித்துச் சென்றபோது, கலைந்துபோகாமல் மறுபடியும் அதே ஓடைக்குள் இறங்கி வேலையைத் தொடங்கினார்களே, அந்தத் தொழிலாளர்களுக்கு என் தந்தையின் சார்பிலும் நன்றி. உடைந்த குழாயின் அருகில் நள்ளிரவில் சேற்றில் நின்றவருக்குத்தான் அந்த வேலையின் அருமை முழுதாகத் தெரியும்.

பழுது பார்ப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறோம். 2010-க்குப் பிறகு மட்டும் 85-க்கும் மேற்பட்ட பெரிய உடைப்புகள் ஏற்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஹெலிகாப்டரிலோ நடந்தோ இறங்கிச் சென்று, சூடேறிய பாறைகளுக்கிடையே பற்றவைத்து வருகிறார்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்தடுத்து உடைப்புகள் நேர்ந்து, தெற்கு விளிம்பின் விடுதிகளில் இரவு தங்குவதையே நிறுத்த வேண்டியிருந்தது என்ற செய்தி வந்தபோது, மற்றவர்கள் தங்கள் விடுமுறையை நினைத்திருப்பார்கள். நாங்கள் அந்த ஒன்றரை மைல் ஓய்விடத்துக் குழாயை நினைத்தோம்.

ஓய்விடத்தில் நாங்கள் நிழலுக்கு ஒதுங்கிய அந்தக் கல்வீட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், குடிமக்கள் பாதுகாப்புப் படை என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் 1930-களின் நடுவில் கட்டியது அது. மாதம் 30 டாலர் ஊதியத்தில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் பள்ளத்தாக்கின் அடியில் முகாமிட்டு அவர்கள் வாழ்ந்தார்கள். ஆற்றோரப் பாதையை வெட்டியதும், விளிம்புக்கும் விளிம்புக்கும் இடையே தொலைபேசிக் கம்பி இழுத்ததும் அவர்களே. வேலை கிடைக்காத அந்தப் பிள்ளைகள் அடுக்கிய கல் என் தந்தைக்குச் சாய்ந்துகொள்ளக் கிடைத்தது.

இந்த நன்றிகளிலேயே எழுதக் கடினமானது இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹவாசுபாய் மக்களுக்குச் சொல்ல வேண்டியது. அவர்களுடைய பெயருக்கே நீலப்பச்சை நீரின் மக்கள் என்று பொருள். தண்ணீர் ஏறிவரும் அந்தப் பசுந்தோட்டத்தில் தலைமுறைகளாகப் பயிர் செய்தவர்கள் அவர்கள். பூங்கா வந்த பிறகு அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கடைசியாக இருந்தவர் 1928-இல் அப்புறப்படுத்தப்பட்டார். அதே ஆண்டில் ஆற்றின் மேல் தொங்குபாலம் கட்டுவதற்காக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள நீண்ட எஃகு வடங்களை, 42 ஹவாசுபாய் ஆண்கள் வரிசையாகத் தோளில் சுமந்து விளிம்பிலிருந்து இறக்கினார்கள். கோவேறு கழுதைகளால் வளைவுகளில் கொண்டுபோக முடியாத சுமை அது. நிலத்தை இழந்தவர்களின் தோளில்தான் பூங்கா ஆற்றைக் கடந்தது என்பதை மறைத்துக்கொண்டு நூற்றாண்டைக் கொண்டாட என்னால் முடியாது. 1975-இல் 1,85,000 ஏக்கர் நிலம் அவர்களிடம் திரும்பியது. நாங்கள் சென்றபோது இந்தியன் கார்டன் என்றிருந்த அந்த இடத்துக்கு, 2022 நவம்பரில் ஹவாசுபாய் தோட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அந்தச் செய்தியைத் தந்தைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். தண்ணீர் இருந்த இடத்தில்தானே ஊர் இருந்திருக்கும் என்றார். அந்த நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் விடாமல் போராடிய ஹவாசுபாய் மூத்தோருக்குத் தலைவணங்கி நன்றி சொல்கிறேன்; அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்களும்தான்.

நாங்கள் நடந்த பாதை எல்லோருக்கும் திறந்திருந்ததும் தானாக நடந்ததல்ல. ரால்ஃப் கேமரன் என்ற தொழிலதிபர் சுரங்க உரிமைகளைக் காட்டி இந்தப் பாதையைத் தன் பிடியில் வைத்திருந்து, இறங்குபவர்களிடம் தலைக்கு ஒரு டாலர் சுங்கம் வசூலித்தார். அந்தத் தோட்டத்தின் மீதும் அவர் உரிமை கோரியிருந்தார். தியோடர் ரூஸ்வெல்ட் 1908-இல் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்ததும், பதினொரு ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றம் பூங்காவாக்கியதும், 1920-இல் உச்ச நீதிமன்றம் கேமரனுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும் சேர்ந்தே அந்தப் பிடியைத் தளர்த்தின. அந்தச் சட்டங்களை எழுதியவர்களுக்கும், வழக்கை நடத்தியவர்களுக்கும், 1960-களில் பள்ளத்தாக்குக்குள் அணை கட்டும் திட்டங்களை எதிர்த்துக் கடிதம் எழுதியே தடுத்த பொதுமக்களுக்கும் நன்றி.

2025 ஜூலையில் டிராகன் பிராவோ தீ வடக்கு விளிம்பின் பழைய விடுதியை எரித்தது. அங்கிருந்த நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அதில் அழிந்தது. அந்தத் தீயோடு போராடியவர்களையும், பள்ளத்தாக்குக்குள் இருந்தவர்களைப் பத்திரமாக வெளியேற்றியவர்களையும் இந்த மடலில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது 20 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் அந்தப் பழைய நீர்வழியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் தந்தைக்கு எழுபத்தைந்து வயதாகிறது. மறுபடியும் பள்ளத்தாக்கில் இறங்க மாட்டார். ஆனாலும் ஞாயிறுதோறும் பேசும்போது, என்ன குழாய் போடுகிறார்கள், இணைப்புகளை எப்படிப் பூட்டுகிறார்கள், வெள்ளம் வந்தால் தாங்குமா என்று கேட்காமல் விடுவதில்லை. அந்த ஓடைக்குள் இந்த வாரம் வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கு அவர் சொல்லச் சொன்னது ஒன்று உண்டு: வளைவுகளில் தாங்குகல்லைக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள், மண் நகரும்போது குழாய் முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேதான். உங்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், எழுதிவிடு என்றார்.

நன்றியுடன்,
அன்று நீங்கள் விளிம்பு வரை உடன் வந்து ஏற்றிவிட்ட பெரியவரின் மகள்,
பீனிக்ஸ், அரிசோனா.