கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று யார் சொல்வது?

சென்னை எஃப்.எம். நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கண்ணும் கையும் துணியில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும். அதனால் இருபது வருஷத்துக்கு மேலாக உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முன்பு கடையில் இருந்தது அப்பாவின் மத்திய அலை ரேடியோ. இலங்கை வானொலி, விவித பாரதி எல்லாம் அதில்தான். என்ன, மெஷின் மோட்டாரை மிதித்தால் போதும், கரகரவென்று பாட்டை விழுங்கிவிடும். சரணம் கேட்க வேண்டுமென்றால் தையலை நிறுத்த வேண்டும். நாட்டிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று நம் சென்னையில்தான் தொடங்கியதாம். அதைப் பிடிக்கிற பெட்டி எங்கள் கடைக்கு வர இன்னும் இருபது வருஷம் ஆனது. வந்தபோது பாட்டைவிடப் பெரிதாகப் பட்டது அந்தக் கரகரப்பு போனதுதான்.

அப்புறம் 2003ல் சூரியனும் மிர்ச்சியும் வந்தன. 2006 வாக்கில் ரேடியோ சிட்டி, பிக், ஹலோ, ஆஹா என்று முள்ளை நகர்த்திய இடமெல்லாம் ஆள். 104.8ல் ஆங்கிலத்திலேயே பேசுகிற ‘சென்னை லைவ்’ இருந்தது. கடைப் பையன் அதை வைத்துவிட்டு, “அக்கா, இவங்க எந்த ஏரியா?” என்பான். 91.9ல் ஆஹா போய் ஃபீவர் வந்தது. முள் அங்கேயேதான் நின்றது, குரல்தான் வேறு.

ஏன் எல்லோரும் ஒரே பாட்டைப் போடுகிறீர்கள் என்று சண்டை பிடிக்க வரவில்லை. தனியார் எஃப்.எம்.முக்கு லைசென்ஸ் கொடுத்த முதல் சுற்றில் கட்டணம் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறியது. 2005ல்தான் வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். சீட்டுப் பணம் கட்டுகிற வாரத்தில் நானும் புது டிசைன் வெட்டிப் பார்க்க மாட்டேன்.

புதுப்பாட்டு, காதல் ஆலோசனை, போனில் ஏமாற்றி விளையாடுவது, மறுபடி பழைய பாட்டு என்று இத்தனை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. உங்கள் சென்னை சென்ட்ரலோடு முடிந்துவிடுகிறது, அதற்கு வடக்கே இருக்கிற எங்கள் வடசென்னை அதில் இல்லை. டிராஃபிக் என்றால் கத்திப்பாரா, அண்ணா சாலை, ஓ.எம்.ஆர். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்பதும், கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடப்பதும், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதும் டிராஃபிக்கில் சேராதா? நாங்கள் வருவது ஒரே இடத்தில்: போனில் ஆளை மிரட்டுகிற ரவுடி மட்டும் எப்போதும் எங்கள் ஊர்த் தமிழ் பேசுவான்.

2023 டிசம்பர் 26ஐ மறக்க முடியவில்லை. நள்ளிரவையொட்டி எண்ணூர் சின்னக்குப்பத்திலிருந்து தங்கை போன் செய்தாள். மூச்சு முட்டுகிறதாம், கண் எரிகிறதாம், ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுகிறார்களாம். கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முகத்தில் ஈரத்துணியைக் கட்டு என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் போகச் சொல்வது என்று தெரியாமல் ரேடியோவைப் போட்டேன். ஒரு நிலையத்தில் பதிவு செய்து வைத்த நடிகர் பேட்டி. அடுத்ததில் மெலடி. ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு. யாருமே உள்ளே இல்லை என்பது கேட்டாலே தெரிகிறது.

தனியார் எஃப்.எம்.மில் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம், அவ்வளவுதான் என்பீர்கள். சரி. ஆனால் அதைச் சொல்கிற மத்திய அரசின் அதே 2011 எஃப்.எம். விதிமுறையில் போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்சாரம், உள்ளாட்சி நிர்வாகம் தருகிற பேரிடர்த் தகவல் எல்லாம் செய்திக் கணக்கில் வராது என்றும் இருக்கிறது. கதவு திறந்துதான் கிடக்கிறது. ராத்திரியில் ஒரே ஒரு ஆள் இருந்து மாநகராட்சிக்குப் போன் போட்டால் போதும். 1 முதல் 6 வரையுள்ள மண்டலங்கள், திருவொற்றியூர் தொடங்கி திரு.வி.க. நகர் வரை, எங்களுடையவை. மழைக்காலத்திலாவது அந்த ஆளை வையுங்கள்.

இன்னொன்று. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 90.4ல் ‘கடல் ஓசை’ 2016 முதல் நடக்கிறது. அது லாபம் பார்க்காத சமுதாய வானொலி, உங்கள் கணக்கு வேறு, தெரியும். தனி நிலையம் கேட்கவில்லை. விடியற்காலை அரை மணி நேரம் கேட்கிறேன். காற்று எப்படி, அலை எப்படி, காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை. நடுவில் கானா போடுங்கள், கேரம் பேசுங்கள். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். எங்கள் தெருக்களில் போர்டு போட்டு ஆடுகிற பிள்ளைகள் ஒவ்வொன்றும் அவளைப் பற்றி அரை மணி நேரம் பேசும்.

ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். என் அண்ணனும் அவர் கூட்டாளிகளும் கரையில்தான் இருப்பார்கள், வலை தைத்துக்கொண்டு. அப்போது மைக்கோடு வாருங்கள். காலையில் வாருங்கள், பத்து மணிக்கு மேல் அங்கே வெயில் தாங்காது.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைத் தையல்காரி