சலாகையில் இரண்டு கீறல்

வேலூர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே தனியாக மான் வேட்டைக்காலம் விடுகிறார்கள் என்று படித்துச் சிரித்துவிட்டேன். இந்த வயதில் உனக்கு இப்படி ஓர் ஆசை! நம் கோட்டையில் 1806-ல் சிப்பாய்கள் தூக்கியதும் குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டு இடித்துக் கெட்டிக்கும் இதே ரகம்தான். அதற்காக உனக்கும் வீரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒடுகத்தூர் நிலத்தில் பன்றியை விரட்ட அப்பா லைசென்ஸோடு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி ஞாபகமிருக்கிறதா? மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இடித்து இறக்கும் கம்பி, அதாவது சலாகை, அதில் அரத்தால் இரண்டு கீறல் போட்டிருந்தார். வெறுங்குழலில் சலாகையை விட்டால் ஒரு கீறல் குழல் வாயோடு நிற்கும். மருந்தும் குண்டும் சரியாகக் கெட்டித்திருந்தால் மற்றது. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

ஒருநாள் ராத்திரி கெட்டித்தேன், பன்றி வரவில்லை. விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் மறுபடியும் கெட்டித்துவிட்டேன். வாயோடு நிற்கவேண்டிய இரண்டாவது கீறல் வாய்க்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது. அப்படியே சுட்டிருந்தால் குழலே வெடித்திருக்கலாம். அப்பா ஒன்றும் பேசவில்லை. மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்பு’ என்ற சின்ன உலோக மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, குழலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, திருகுக் கம்பியால் எல்லாவற்றையும் வெளியே இழுத்தார். அன்று முழுக்க என்னோடு பேச்சு இல்லை. உன் மாநிலத்திலேயே கெட்டிஸ்பர்க் இருக்கிறதே (பெயரைப் பார்!), 1863 சண்டைக்குப் பிறகு அங்கே பொறுக்கிய துப்பாக்கிகளில் ஏராளமானவை இரண்டு மூன்று தடவை கெட்டித்தபடியே கிடந்தனவாம்.

குண்டு பாதியில் சிக்கி, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டாலும் குழல் வெடிக்கும். சுடச்சுட உள்ளே கரி ஏறி இறுகும், அப்போதுதான் இது நடக்கும். அதனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் துடை. ஒளிந்திருக்கும் நெருப்புப் பொறியும் அதில் அணைந்துவிடும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதே, அளவுக் குப்பியில் எடுத்துக் கொட்டு. பொறி இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த பழைய கருமருந்து மட்டும்தான். புதுத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட போடாதே, அந்த அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது.

உன்னுடையதில் கேப்பு கிடையாது, கல்லின் பொறி விழுந்து பற்ற கொஞ்சம் மருந்து வைக்கும் கிண்ணிதான். அதில் மருந்து வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். குதிரை (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி) விழுந்தும் வெடிக்காவிட்டால் உடனே திருப்பிப் பார்க்காதே. குழலைக் குறிப்பக்கமே நீட்டிக்கொண்டு ஒன்றிரண்டு நிமிடம் நில். சில சமயம் தாமதமாக வெடிக்கும். கெட்டிக்கும்போது முகத்தைக் குழல் வாய்க்கு மேலே கொண்டுபோகாதே, இதை நூறு தடவை சொல்வேன்.

அப்பா போனதும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். சலாகை மட்டும் எப்படியோ வீட்டில் தங்கிவிட்டது. இப்போது மாடிக் கதவுக்கு அதுதான் தாழ்ப்பாள். கீறல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்